குற்றாலத்தில் மூடச் சொன்ன அண்டர்கிரவுண்டு

மொட்டை மாடி ஒழுகினால் கட்டடக்காரர் நம்மையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறுவார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று மலையைக் காட்டுவார், தென்காசிக் கோபுரத்தைக் காட்டுவார், கீழிருந்து காப்பி வரும். தரைக்குக் கீழே உள்ள அறை ஒழுகினால் அவர் படிக்கட்டின் தலைப்பிலேயே நின்றுகொள்வார். "நீங்க எறங்கிப் பாருங்க மேடம், சுவிட்சு அங்கன சைடுல இருக்கு" என்பார். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இதைத்தான். எந்தக் கெமிக்கலை எவ்வளவு கலக்க வேண்டும் என்பதைக் கம்பெனிக்காரன் டப்பாவிலேயே அச்சடித்துத் தருகிறான், படித்துக்கொள்ளலாம். தனியாக இறங்குவதைப் பற்றி எந்த டப்பாவிலும் எழுதியிருக்காது.

நான் டிப்ளமா முடித்துச் சென்னையில் ஒரு வாட்டர் ப்ரூஃபிங் கம்பெனியில் வேலை கற்றுக்கொண்டு, பிறகு தென்காசிக்கே திரும்பி வந்து சொந்தமாக எடுத்துச் செய்தவள். ஓய்வுபெற்று இப்போது இலஞ்சியில் இருக்கிறேன். தனியாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களிடம், வேலை நேரமெல்லாம் போன் எடுக்காத இடத்தில் இருந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள் என்று சிரித்துச் சமாளிப்பேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. கீழே இறங்கிவிட்டால் மேலே நடக்கிறவர்களின் செருப்புச் சத்தம் மட்டும்தான் துணை. சில இடங்களில் அதுவும் இருக்காது.

நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு இருக்கிறது. தரையில் தண்ணீர் ஊறுவது ஆனி, ஆடியில். நம்மைக் கூப்பிடுவது சித்திரையில். காய்ச்சல் விட்டபிறகு போய் டாக்டர் முன்னால் உட்காருவது மாதிரி. கேட்டால், "இப்பந்தான மேடம் காஞ்சி கெடக்கு, இப்பம் பூசுனாத்தான ஒட்டும்" என்பார்கள். பூசுவதற்குச் சித்திரை நல்ல மாதம்தான். பார்ப்பதற்கு அல்ல. காய்ந்த தரை எதையும் சொல்லாது. அதனால் நான் யாராவது கூப்பிட்டால், "போன சீசன்ல போன்ல படம் எதுவும் எடுத்தியளா?" என்றுதான் முதலில் கேட்பேன். யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். அருவியில் நின்று எடுத்த படம் ஆயிரம் வைத்திருப்பார்கள்.

இப்போது சொல்லப்போகிற அண்ணாச்சியும் சித்திரையில்தான் கூப்பிட்டார். பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்தவர். காலையில் இறங்கிய தக்காளி சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் குப்பைதான் என்று பார்த்து வளர்ந்தவர், அதனால் எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடமாட்டார். குற்றாலத்தில் ஒரு பழைய லாட்ஜை வாங்கியிருந்தார். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய கட்டடம். முன்பக்கம் தெரு, பின்பக்கம் சரிவு, சரிவின் அடியில் ஒரு சின்ன ஓடை. தெரு மட்டத்துக்குக் கீழே ஒரு நீளமான அறை. அங்கேதான் எண்ணெய் மசாஜ்.

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியில் நிற்பதற்கு முன்னால் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ரோட்டோரம் பலகையில் உட்கார்ந்து ஊரே பார்க்கத் தேய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. கூச்சப்படுகிறவர்களுக்கு இந்த அறை. அண்ணாச்சி அதை ஏசி போட்டு, பளிங்குத் தரை போட்டு, சீசனுக்குள் திறந்துவிட வேண்டும் என்றிருந்தார். தரை ஒழுகுவதுதான் தடை. போன வருடம் வேறு யாரோ பூசிய கோட்டிங் அப்பளம் மாதிரி எழும்பி வந்திருந்தது. அதில் ஒரு துண்டைப் பிய்த்துப் படிக்கட்டின் மேலே கொண்டுவந்து காட்டினார்.

"கெமிக்கலு டூப்ளிகேட்டு மேடம். நல்லா ஏமாத்திட்டான்."

நான் துண்டைத் திருப்பி முகர்ந்து பார்த்தேன். அடிப்பக்கம் நல்லெண்ணெய் வாசனை. கீழே இறங்கி ஒரு செம்பு தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். சேம்பிலையில் ஓடுவதுபோல உருண்டு உருண்டு ஓடியது.

"கெமிக்கல் நல்ல கெமிக்கல்தான் அண்ணாச்சி. ஒங்க தரைதான் எண்ண குடிச்சிருக்கு. எண்ண மேல எதப் பூசுனா ஒட்டும்?"

"தெனமும் சோப்புப் போட்டுக் கழுவுதோமே!"

"சட்டையில பட்ட எண்ணெயே சோப்புக்குப் போவ மாட்டேங்கு. சீசனுக்குச் சீசன் கொடம் கொடமா குடிச்ச தரைலா இது?"

பின்னால் யாரோ அடக்கமாட்டாமல் சிரிக்கிற சத்தம் கேட்டது. அறையின் கோடியில் கயிற்றுக் கட்டில் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் சுடலைமுத்து. சீசனில் அந்த அறையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், மற்ற மாதங்களில் அந்த லாட்ஜுக்கு வாட்ச்மேன். எனக்குக் கிட்டத்தட்ட ஒத்த வயது. அந்த அண்டர்கிரவுண்டின் ஒரு மூலையில்தான் குடியிருந்தார். கட்டில், ஒரு ஸ்டவ், செங்கல்லின் மேல் பலகை போட்டு அதில் அடுக்கிய துணிமணி. சீசனில் தரை ஊறுகிறபோது இன்னொரு வரிசை செங்கல் ஏறும், அவ்வளவுதான்.

"எண்ணெயத் தரையில சிந்தாமத் தேய்க்கதுக்கு நான் என்னத்த படிச்சிருக்கேன்?" என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

இந்த மாதிரித் தப்பைக் குற்றாலத்தில்தான் பார்க்க முடியும். தரையை உளியால் கொத்தி, எண்ணெய் இறங்கிய மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பூசினால் முடிந்தது என்று நினைத்தேன். ஆட்களை விட்டுக் கொத்த ஆரம்பித்தோம். மத்தியானத்துக்குள் கொத்துகிற சத்தமே மாறிவிட்டது. டங் டங் என்று கேட்டது பொத் பொத் என்று கேட்டது. போய்ப் பார்த்தால் உளி தரையைத் தாண்டி மண்ணுக்குள் போயிருக்கிறது. உள்ளங்கைத் தடிமன்கூட இல்லாத காங்கிரீட். கம்பி கிடையாது. முன்னால் கட்டியவர் மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மேலே ஒரு பூச்சு பூசி முடித்திருக்கிறார். கடப்பாரையை விட்டு எடுத்ததும் அந்தத் துளையில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி விளிம்புக்குக் கீழே வந்து நின்றது.

அக்னி நட்சத்திரம் தொடங்குகிற சமயம் அது. ஊரில் கிணறெல்லாம் கீழே போயிருந்தது. அந்த நேரத்தில் இங்கே இவ்வளவு தண்ணீர் என்றால் ஆடியில் என்ன ஆகும்?

மேலே இருந்து இறங்குகிற தண்ணீரை அடைப்பது வேறு, கீழே இருந்து ஏறுகிற தண்ணீரை அடைப்பது வேறு. ஏறுகிற தண்ணீர் தரையை முதுகு கொடுத்துத் தூக்கும். தரைக்குக் கனமும் கம்பியும் இருந்து, சுவரோடு பிடித்திருந்தால் தாங்கும். இந்தத் தரை தாங்காது. எத்தனை கோட்டிங் போட்டாலும் ஒருநாள் கோட்டிங்கோடு சேர்ந்து தரையே எழும்பும். புதிதாகக் கனமான தரை போடலாம் என்றால் சுவர் பழைய கல் சுவர், கம்பியைப் பிடித்துக்கொள்ளாது. போட்டாலும் நிமிர்ந்து நிற்க உயரம் இருக்காது. அண்ணாச்சிக்கு இதை எல்லாம் எடுத்துச் சொன்னேன்.

அவர் நின்ற இடத்திலேயே யோசித்தார். "செரி, அடைக்க வேண்டாம். ஓரத்துல ஒரு குழி எடுத்து மோட்டாரப் போட்டு எறச்சிக்கிட்டே இருந்தா? பெரிய ஊர்ல எல்லாம் அப்படித்தான வச்சிருக்காவ?"

"வச்சிருக்காவ. ஆனா ஆளு வேணும் அண்ணாச்சி. மழைன்னா கரண்டு போவும். ஜெனரேட்டர ஓட்டணும், குழாய்ல குப்ப செத்த அடைச்சா எடுக்கணும்."

"ஆளு இருக்காம்லா. சுடலை இங்கனதான கெடக்கான்."

சுடலைமுத்துவின் முகத்தைப் பார்த்தேன். அறையைப் புதுப்பித்தால் தன் மூலை போய்விடுமோ என்று அத்தனை நாள் பயந்துகொண்டிருந்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவ்வளவு வெளிச்சம் அந்த முகத்தில்.

மறுநாள் காலை மண்டி வேலையை முடித்துவிட்டு வருவதாகவும், மோட்டார் வைக்கலாமா என்று நான் ஒரு முடிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு அண்ணாச்சி கிளம்பிப் போனார். குழி எடுத்து மோட்டார் வைப்பது தப்பான வழி இல்லை. பல இடங்களில் நானே செய்திருக்கிறேன். கட்டடக்காரருக்கு அது வேண்டும், அங்கே குடியிருக்கிறவருக்கும் அது வேண்டும். நான் தலையை ஆட்டினால் போதும். உங்களை எச்சரித்து வைக்கிறேன், எல்லோரும் ஒரே பதிலை விரும்புகிற இடத்தில்தான் நமக்குச் சந்தேகம் வர வேண்டும்.

ஆட்களை அனுப்பிவிட்டு நான் இருந்தேன். சுடலைமுத்து ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கடுங்காப்பி போட்டுத் தந்தார். சொந்த ஊர் இலத்தூர் என்றார்.

"அங்கன தம்பி வீடு இருக்கும்மா. போனா சோறு போடுவாவ, கொறையே சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஆளு எப்பம் போவாருன்னு பிள்ளைவ மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சிரும். இங்கன அந்த இது கெடையாது."

"ஆள் இல்லாத மாசத்துல என்ன செய்வீங்க?"

"சாயங்காலம் ஆனா ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ரூம்ல லைட்டப் போட்டுருவேன். ரோட்டுல போறவன் உள்ள ஆளு இருக்குன்னு நெனைக்கணும்லா?"

"அண்ணாச்சி போடச் சொன்னாரா?"

"அவரு எங்க சொன்னாரு! தெரிஞ்சா ஏசுவாரு."

திருடனுக்குப் பயந்து போடுகிற விளக்கு இல்லை அது. எனக்கு நன்றாகவே புரிந்தது. நானும் சமையலறையில் நிற்கும்போது முன்னறையில் டிவியை ஓடவிடுகிறவள்தான். யாரோ பேசுகிற சத்தம் வீட்டில் வேண்டும். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருவருக்குமே கூச்சமாகப் போயிருக்கும்.

காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார். "ராவும் பகலும் ஒரு ஆளு இங்கன கெடந்தாத்தான் மோட்டாருக்கு நல்லதுன்னு கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கம்மா. வேற எவன் இந்தக் குழிக்குள்ள கெடப்பான்? நான் கெடப்பேன்."

சரி என்றுதான் சொல்ல வந்தேன். வாய் வரைக்கும் வந்தது. கட்டடத்தின் பின்பக்கத்தை இன்னும் பார்க்கவில்லையே என்ற எண்ணம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். ஓடை காய்ந்து வெறும் கல்லாகக் கிடந்தது. அறையின் வென்டிலேட்டர்கள் அந்தப் பக்கம் வரிசையாக இருந்தன. உள்ளே இருந்து அண்ணாந்து பார்க்கும்போது உயரத்தில் தெரிந்தவை, வெளியே வந்து பார்த்தால் ஓடைக்கரை மட்டத்தில் இருந்தன. கரையில் ஒரு நொச்சிப் புதர். அதன் கவட்டைகளில் காய்ந்த வைக்கோல், தேங்காய் நார், மிட்டாய்க் காகிதம் எல்லாம் சிக்கிக் கிடந்தன. என் தோள் உயரத்தில். வென்டிலேட்டர் என் முழங்காலுக்குக் கீழே.

சுடலைமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது காத்துல வந்ததும்மா. ஆடிக் காத்து எப்படி அடிக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"காத்துல வந்தா கண்ட பக்கமும்லா சிக்கணும். இது எல்லாம் ஒரே பக்கமா சீவிவிட்ட மாரி கெடக்கு அண்ணே."

"நான் பாத்து இந்த ஓடத் தண்ணி அம்புட்டு ஒசரம் ஏறுனதே இல்லம்மா. சத்தியமாச் சொல்லுதேன்."

அவர் பொய் சொல்லவில்லை. வெள்ளம் வந்து வடிந்த நேரத்தில் அவர் எங்கேயாவது போயிருக்கலாம், அவர் அங்கே வருவதற்கு முன்னால் வந்திருக்கலாம், வராமலேயே இருந்திருக்கலாம். அந்தச் செத்தை எந்த வருடத்தது என்று சொல்ல என்னிடம் எந்தக் கருவியும் இல்லை. ஆனால் இந்த ஊர்த் தண்ணீர் எப்படி வரும் என்று தெரியும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் கொட்டும். அருவிக்கரையில் விசில் ஊதி ஆட்களை வெளியேற்றி முடிப்பதற்குள் செம்மண் நிறத்தில் வந்து விழும்.

திரும்பக் கீழே இறங்கி அறைக்கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று பார்த்தேன். கதவு உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே தண்ணீர் நிறைந்தால் அது கதவை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும், உள்ளே இருக்கிறவரால் இழுக்க முடியாது. கதவை மாற்றலாம். வென்டிலேட்டரை அடைக்கலாம். ஆனால் கல் சுவரின் இடுக்கு வழியாக வருவதை என்ன செய்வது? காற்றுப் போக வழியில்லாத அறைக்குள் மனிதர் எப்படிப் படுப்பார்? ஒன்றை அடைத்தால் ஒன்று திறந்தது. அந்த அறையில் நின்றுகொண்டு எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வேகமாக மேலே வந்தேன்.

பூட்டிப் போட்டுவிடச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதை யோசித்தேன். ஆனால் சீசன் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். சனி ஞாயிறு என்றால் ரூம் கிடைக்காமல் குழந்தை குட்டியோடு வேனுக்குள் படுத்துக்கிடப்பார்கள். அந்த நேரத்தில் குற்றாலத்தில் எந்த அறையின் பூட்டும் பூட்டியபடி இருக்காது. "ஒரு ராத்திரிக்கு மட்டும்" என்று யாராவது கெஞ்சுவார்கள், யாராவது சாவியைக் கொடுப்பார்கள்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். படிக்கட்டின் தலைப்பில் நின்றபடியே, "என்ன மேடம், மோட்டாருதான?" என்றார். சுடலைமுத்து ஒரு படி கீழே நின்றுகொண்டிருந்தார்.

"மூடிருங்க அண்ணாச்சி. கீழ கல்லு, மேல சல்லி, அதுக்கு மேல கிராவல் மண்ணு. கூரை முட்ட ரொப்பிருங்க. இது ரூமே இல்லன்னு வச்சிக்கிடுங்க."

அண்ணாச்சிக்குக் கோபம் நன்றாகவே வந்தது. "தண்ணிய நிப்பாட்டக் கூப்பிட்டா ரூமையே இல்லாம ஆக்கச் சொல்லுதீய! வேற ஆளக் கூப்பிட்டா மறுபேச்சில்லாம மோட்டாரு வச்சிக் குடுத்துட்டுப் போவான்."

"குடுப்பாவ. மோட்டாரும் நல்லாத்தான் ஓடும். ஆனா இதுக்குள்ள ஆளு படுக்கப்படாது. அத நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

புதரைப் பற்றிச் சொன்னேன். அவர் விறுவிறுவென்று பின்பக்கம் போனார். நான் போகவில்லை. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே அழுகலா இல்லையா என்று சொல்கிற ஆள் அவர், தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். அந்த நேரம் முழுக்கச் சுடலைமுத்துவும் நானும் படிக்கட்டில் ஆளுக்கொரு படியில் நின்றோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அந்த மாதிரி ஒரு தனிமையை நான் எந்த அறைக்குள்ளும் அனுபவித்ததில்லை.

அண்ணாச்சி திரும்பி வந்து வேட்டியில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துப்போட்டார். "செரி. மூடிருவோம்" என்றார்.

"சுடலையண்ணனுக்கு மேல ஒரு ரூம்..." என்று ஆரம்பித்தேன்.

"சீசன்ல ஒரு ரூம்னா என்னன்னு ஒங்களுக்கே தெரியும் மேடம். மத்த மாசத்துக்குக் கேமரா போட்டுருவேன், மண்டில இருந்தே பாத்துக்கிடலாம். இவன் வேணும்னா மண்டிக்கு வரட்டும், மூட்ட தூக்கட்டும்."

"இந்த வயசுலயா?"

மண்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்பினார். கெட்ட மனிதர் இல்லை அவர். அவருடைய யோசனை அவ்வளவு தூரம்தான் போயிற்று. நான் இன்னும் இரண்டு மூன்று தடவை கேட்டேன், போனிலும் கேட்டேன். பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

நிரப்புகிற வேலையையும் நான்தான் நின்று செய்தேன். லாரியில் சல்லி வந்து தெருவில் கொட்டியது. ஆட்கள் சட்டியில் அள்ளி வரிசையாகக் கீழே இறக்கினார்கள். யாரும் கூப்பிடாமலே சுடலைமுத்துவும் வந்து சட்டியைத் தூக்கினார். கட்டிலையும் ஸ்டவ்வையும் காலையிலேயே மேலே கொண்டுவந்து கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்தார். கீழே அவருடைய மூலை நிரம்பிக்கொண்டிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இங்கன கொஞ்சம் பள்ளமா இருக்கும்மா. இன்னும் ரெண்டு சட்டி விழணும்" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அந்த வருடம் சீசன் நன்றாக இருந்தது. அருவியில் குளிக்கத் தடை என்று செய்தியில் வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஓடை ஞாபகம்தான். ஆனால் அப்போது கேரளா பார்டர் பக்கம் ஒரு பெரிய வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். சீசன் முடிகிற சமயம்தான் போய்ப் பார்க்க முடிந்தது. ஓடையை ஜேசிபி விட்டுத் தூர்வாரியிருந்தார்கள். கரையைச் செதுக்கியதில் நொச்சிப் புதர் போயிருந்தது. அண்ணாச்சி பின்சுவர் முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார். தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது, வந்ததா இல்லையா என்று காட்ட அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அறைக்குள் போய்ப் பார்க்கலாம் என்றால் அறையும் இல்லை. லாட்ஜில் ரிசப்ஷன் பையனைக் கேட்டேன். "பின்பக்கம் யாரு மேடம் போறா?" என்றான்.

நம் தொழிலில் மாடி வேலை பார்த்தவனுக்கு மழை பெய்த மறுநாள் பதில் கிடைத்துவிடும். ஒழுகினால் தப்பு, ஒழுகாவிட்டால் சரி. நம்முடைய சில தீர்ப்புகளுக்குப் பதிலே கிடைக்காது. கிடைக்காத இடத்திலும் தீர்ப்புச் சொல்லித்தான் ஆக வேண்டும். கட்டடத்தின் உள்ளே பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள், சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பாருங்கள். பார்த்தபிறகு பார்க்காத மாதிரி இருக்காதீர்கள். அந்த அறையை மூடச் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதே இடத்தில் மறுபடி நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன். துக்கம் வேறு, தீர்ப்பு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டால் அடுத்த அறைக்குள் உங்களால் இறங்க முடியாது.

நான் வேலையை விட்டபிறகு ஒருநாள் தென்காசி பஸ் ஸ்டாண்டில் சுடலைமுத்துவைப் பார்த்தேன். அவர்தான் முதலில் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். ஆள் மெலிந்திருந்தார். மண்டிக்கு மூட்டை தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டதாகவும், இப்போது இலத்தூரில் தம்பி வீட்டில்தான் இருப்பதாகவும் சொன்னார். பிள்ளைகள் எல்லாம் வளர்ந்துவிட்டார்களாம், முகத்தைச் சுளிப்பதில்லையாம். "பேசுததும் இல்ல" என்று சேர்த்துக்கொண்டார். என் உடம்பைப் பற்றி விசாரித்தார். தனியாகத்தான் இருக்கிறேனா என்று கேட்டார், ஆமாம் என்றேன். பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தபடியே பிறகு கேட்டார்.

"அந்த வருசம் ஓடத் தண்ணி ஏறுச்சாம்மா?"

நான் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"நானும் அந்தப் பக்கத்து ஆளுவகிட்ட ரெண்டு மூணு பேருட்ட கேட்டுப் பாத்தேன். ஒருத்தனுக்கும் தெரியல. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னுதான் கேக்கேன்."

"தெரியலண்ணே. நான் போறதுக்குள்ள ஓடைய வெட்டிட்டாவ. ஏறுச்சான்னும் தெரியல, ஏறலையான்னும் தெரியல."

அவர் தலையை ஆட்டினார். இலத்தூர் வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அடி எடுத்துவைத்தவர் நின்று திரும்பினார்.

"ஏறுச்சுன்னு சொல்லியிருக்கலாம்லாம்மா" என்றார்.

கூட்டத்தோடு கூட்டமாக ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் என்னைத் தேடிப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். எனக்கு இலஞ்சி பஸ் வந்து போனது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்குத்தான் எழுந்தேன்.

உங்களிடமும் ஒருநாள் யாராவது இப்படி ஒன்று கேட்பார்கள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை வருடமும் என் ஆட்களுக்குச் சொல்லிவந்திருக்கிறேன், உங்களுக்கும் அதையேதான் சொல்ல வேண்டும். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றாமலே நின்று, "ஏறுச்சு அண்ணே, வென்டிலேட்டருக்கு மேலயே ஏறுச்சு" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சொல்வதற்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை.